சார்ஜரைப் பிடுங்கிய பிறகு

1

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. பிரான்சின் ரென் நகரில் காலையில் இரண்டு டிகிரி, மெல்லிய தூறல். ஐந்தே முக்காலுக்கு எழுந்து காபி போட்டேன். மீதமிருந்த மாவை மூன்று தோசையாக ஊற்றி, ஒன்றை மகள் இனியாவுக்கு மூடி வைத்தேன். அவள் அதைத் தொடமாட்டாள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு பள்ளிக்கு ஓடிவிடுவாள் என்பது தெரியும். ஆனாலும் மூடி வைப்பது என் வழக்கம். சாயங்காலம் வந்து ஆறிப்போனதை நானே தின்பதும் வழக்கம்.

நான் இந்த நாட்டில் வந்து இறங்கியதும் ஒரு ஜனவரி 21தான். அதனால் வசிப்பு அட்டையைப் புதுப்பிக்கும் வேலை எப்போதும் இந்த மாதத்தில்தான் வந்து விழும். என் கணவருக்கு இந்தக் கவலை இல்லை. அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், காரைக்காலில் கடைசிவரை ‘சொல்தா பென்ஷன்’ வாங்கியவர். பேரன் பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடிமகன். நான் கோட்டுச்சேரியில் நெல் விளைவிக்கும் வீட்டுப் பெண். இந்தியக் கடவுச்சீட்டை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை, விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

காகிதங்களை முந்தைய நாளே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். மின்சாரக் கட்டண ரசீது, சம்பளச் சீட்டுகள், திருமணச் சான்று, அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவருக்கு அந்தத் தகுதி உண்டு என்பதற்குச் சான்று. ஒவ்வொன்றும் தனித்தனி கண்ணாடி உறையில். இந்தச் சந்திப்பு நேரம் கிடைப்பதற்கே பல மாதங்கள் இணையத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். எட்டே முக்காலுக்கு மாவட்ட நிர்வாக அலுவலகத்தின் வரிசையில் நின்றேன்.

2

அன்று நடந்ததைச் சொல்வதற்கு முன் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் யாராவது கேட்டால், “ரேடியோ சம்பந்தமான கம்ப்யூட்டர் வேலை” என்று முடித்துக்கொள்வேன். இங்கே அது போதாது.

வானில் போகும் வெறும் ரேடியோ அலை எதையும் சுமப்பதில்லை. அதன் உயரத்தையோ அதிர்வெண்ணையோ கட்டத்தையோ மாற்றித்தான் அதன்மேல் செய்தியை ஏற்றுகிறோம். அதற்குப் பண்பேற்றம் என்று பெயர். அந்த ஏற்றத்தில் பல வகைகள் உண்டு. ஏரியலில் விழும் ஓர் அலை எந்த வகை என்று கண்டுபிடிக்க இப்போது ஆழ்கற்றல் மாதிரிகளைப் பயன்படுத்துகிறார்கள். லட்சக்கணக்கான மாதிரி அலைகளைக் காட்டிக் காட்டி ஒரு கணினி வலைப்பின்னலைப் பழக்குவார்கள். பழகிய பிறகு அது ஒரு நொடியில் மிகச் சிறிய பகுதியைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடும். என்ன பேசுகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. எந்த விதத்தில் பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

அந்த மாதிரிகள் பெரியவை, மின்சாரத்தைக் குடிப்பவை. அவற்றை உள்ளங்கை அளவுக் கருவியில் அடங்கும்படி மெலியவைப்பது என் வேலை. அதிகம் உதவாத இணைப்புகளை வெட்டுவேன். நீண்ட எண்களைக் குட்டையாக்குவேன். பெரிய மாதிரியின் பக்கத்தில் சிறியதை வைத்து, அது சொல்வது போலவே இதையும் சொல்லப் பழக்குவேன். விடுமுறை முடிந்து சென்னை விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்டு, கூடுதலாக இருப்பதைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுப்போமே, கிட்டத்தட்ட அதுதான். எடுத்து வைத்ததில் எது வேண்டியிருந்தது என்பது இங்கே வந்து பெட்டியைத் திறக்கும்போதுதான் தெரியும்.

போன ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது, நான் வீட்டில் விளையாட்டாகச் செய்த, அலையின் வகையைச் சொல்லும் ஒரு சிறு கருவிப்பெட்டியை மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டுக்கு எடுத்துப் போனேன். அங்கே என் கல்லூரித் தோழி மலர்க்கொடி இருக்கிறாள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் அவளுடைய வீடு. கடலுக்குப் போகும் படகுகளோடு பேசுவதற்கான வயர்லெஸ் கருவி அவள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறது. மாடியில் ஏரியல், மூலையில் பேட்டரி. ஊருக்குப் பொதுவான அந்தக் கருவியைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அவளுடைய கணவர் கலியபெருமாள் ஃபைபர் படகில் போகிறவர்.

பெட்டியை அதே பேட்டரியில் இணைத்துக் காட்டினேன். காரைக்கால் பண்பலையைச் சரியாகச் சொன்னது. படகுகளின் வாக்கிடாக்கியைச் சரியாகச் சொன்னது. கலியபெருமாளின் தம்பி முருகன் தன் பைக்கின் ரிமோட்டை அழுத்தினான், அதையும் சொன்னது. அறையில் கைதட்டல்.

“எம் பொண்டாட்டி எப்ப எந்த வகையில பேசுறான்னு இது சொல்லுமாங்க?” என்றார் கலியபெருமாள்.

“அதுக்கு எதுக்குப் பெட்டி? மொகத்தப் பாத்தாலே தெரியலன்னா, பெட்டி சொல்லி மட்டும் தெரிஞ்சிடப் போவுதாக்கும்” என்றாள் மலர்.

பெட்டியை அங்கேயே விட்டு வந்தேன். அதன் இரண்டு குறைகளையும் அன்று சொன்னேன். அலை பலவீனமாகிவிட்டால் அது வெறுமனே ஊகிக்கும். இன்னொன்று, அதற்குப் பத்து வகைகள் தெரியும். எதைக் காட்டினாலும் அந்தப் பத்தில் ஒன்றைச் சொல்லும். ‘இவற்றில் எதுவும் இல்லை’ என்று சொல்ல அதற்குத் தெரியாது. கைதட்டலுக்குப் பிறகு சொல்லும் குறைகளை யார் காதில் வாங்குவார்கள்?

3

நிர்வாக அலுவலகத்தின் கூடத்தில் கைப்பேசியில் பேசக்கூடாது. பேச வேண்டுமானால் வெளியே படிக்கட்டுக்குப் போக வேண்டும். அங்கே இருந்தால் உள்ளே கூப்பிடும் எண் கேட்காது. என் கையில் இருந்த சீட்டுக்கு இன்னும் நான்கு பேர் முன்னால் இருந்தபோது மலரின் பெயர் திரையில் வந்தது. ஊரில் அப்போது மதியம் இரண்டரை மணிக்கு மேல். அவள் அந்த நேரத்தில் கூப்பிடமாட்டாள். எழுந்து படிக்கட்டுக்குப் போனேன்.

“வசந்தி, அவரு வரலடி” என்றாள்.

முந்தைய நாள் விடியலுக்கு முன் போன படகு. மூன்று பேர். அன்றைக்குப் பகலிலேயே திரும்பியிருக்க வேண்டும். சாயங்காலம் வரை பார்த்துவிட்டு நான்கு படகுகள் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கின்றன. கடலோரக் காவல் படைக்குச் சொல்லியாகிவிட்டது. கரையிலிருந்து சற்றுத் தள்ளியதுமே செல்போன் வேலை செய்யாது, வாக்கிடாக்கி மட்டும்தான். அதிலும் குரல் இல்லை.

“ஆனா சத்தம் வருதுடி. காலையிலேர்ந்து வருது. கர்ர்னு ஒண்ணு, வுட்டுட்டு இன்னொண்ணு. ரெண்டு தட்டு.”

ரெண்டு தட்டு என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். வாக்கிடாக்கியின் பேட்டரி தீரும் நிலையில் இருந்தால் கிளிஞ்சல்மேட்டார் பேசமாட்டார்கள். பொத்தானை இரண்டு முறை அழுத்தி விடுவார்கள். ‘இருக்கிறோம்’ என்று பொருள். இது எந்தக் கையேட்டிலும் இல்லை, அவர்களுக்குள் உண்டான பழக்கம்.

“பெட்டி என்ன சொல்லுது?”

“நூத்துக்கு அறுவத்தொண்ணு உறுதின்னு போட்டு, வாக்கின்னுதான் சொல்லுது. நடுவுல ஒரு தடவ வேற என்னமோ சொல்லுச்சு. மறுபடியும் வாக்கிதான். வசந்தி, தலைவரு பக்கத்துலதான் நிக்கிறாரு. நாலு மணிக்குப் போட்டுங்க கெளம்புது. இது அவங்கதான்னா எட்டுற தூரத்துலதான் இருக்காங்க, நேர் கெழக்கால போயி அலசணும். அவங்க இல்லன்னா வாடைக்காத்து இழுத்துக்கிட்டுத் தெக்கால போயிருக்கும், கோடியக்கரைப் பக்கம். ரெண்டு பக்கமும் போவ டீசல் இல்ல, போட்டும் இல்ல. நீ சொல்றத வெச்சுத்தான்டி போறாங்க.”

அவள் ஏற்கெனவே அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கேட்டேன். மனிதக் குரலைத் தவிர மற்றதையெல்லாம் குப்பை என்று கழித்துவிட்டு அனுப்பும் வழி அது. எனக்குத் தேவையான எல்லாமே அந்தக் குப்பையில்தான் போயிருந்தன. மிஞ்சியிருந்தது மலர் மூச்சு விடும் சத்தம்.

பத்தொன்பது ஆண்டுகள் இந்த ஒரே துறையில் இருக்கிறேன். படிக்கட்டில் நின்று, அறுபத்தொன்று என்ற எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். அந்தப் பெட்டிக்கு ஒரு மின்விசிறியின் இரைச்சலைக் காட்டினாலும் அறுபத்தொன்று என்று சொல்லக்கூடும்.

4

“போனைக் கருவிகிட்டக் கொண்டு போ மலரு. நேரடியாக் கேக்குறேன்.”

“கிட்டதான்டி இருக்கேன்.”

“ஸ்பீக்கருக்கு ஒட்டி வை.”

“வயரு எட்டாதுடி.”

“எந்த வயரு?”

“சார்ஜர் வயருதான். காலையிலேர்ந்து பேசிப் பேசி சார்ஜ் நிக்க மாட்டேங்குது, சொருவியேதான் வெச்சிருக்கேன்.”

மலிவான சார்ஜர்கள் பலவும் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பவை. வெட்டும் ஒவ்வொரு முறையும் சுற்றிலும் ரேடியோ இரைச்சலை உமிழும். தேவை குறையும்போது விட்டு விட்டு வெட்டும். அவளோ மெல்லிய ஒலியும் தவறக்கூடாதென்று, கரகரப்பை அடக்கும் குமிழை முழுவதும் திறந்து வைத்திருந்தாள்.

“மலரு, அந்தச் சார்ஜரைச் சுவத்துலேர்ந்து பிடுங்கு.”

“ஏன்?”

“பிடுங்குடி.”

பிடுங்கினாள். நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். கருவியின் சீரான இரைச்சல் மட்டும் வந்தது. கர்ர் வரவில்லை. மறுபடியும் சொருகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வந்தது. ஒன்று, விட்டு இன்னொன்று. மறுபடியும் பிடுங்கச் சொன்னேன். நின்றுவிட்டது.

நான் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவள் கல்லூரியில் என்னோடு இயற்பியல் படித்தவள்.

“காலையிலேர்ந்து இதுகிட்டயாடி பேசிக்கிட்டிருந்தேன்” என்றாள். “இருங்க, வந்துடுறோம், வந்துடுறோம்னு இதுகிட்டயாடி சொல்லிக்கிட்டிருந்தேன்.”

பின்னால் ஓர் ஆண்குரல் என்னவென்று கேட்டது. போன் கை மாறியது. ஊர்த் தலைவர்.

“ஏம்மா, உறுதியாச் சொல்றியா? அது அவங்க இல்லியா?”

“அந்தச் சத்தம் சார்ஜர்லேர்ந்து வருதுங்க. அது உறுதி. ஆனா அவங்க எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. கெழக்க இல்லன்னு நான் சொல்லலைங்க...”

நான் சொன்னதன் முதல் பாதியிலேயே அவர் திரும்பிவிட்டார். “தெக்க போவலாம்யா” என்று யாரிடமோ சொல்வது கேட்டது. தொடர்பு அறுந்தது.

5

உள்ளே வந்தபோது என் எண்ணைத் தாண்டிப் போயிருந்தார்கள். தகவல் மேசையில் இருந்த பெண்ணிடம் விளக்கினேன். தோழிக்குக் கணவர் இருக்கிறார், அவர் கடலில் இருக்கிறார் என்று சொல்ல நினைத்து, பிரெஞ்சில் ‘இருந்தார்’ என்று சொல்லிவிட்டேன். இத்தனை ஆண்டு கழித்தும் பதற்றத்தில் காலங்கள் குழம்பிவிடுகின்றன. அந்தப் பெண்ணின் முகம் இளகியது. ஆழ்ந்த அனுதாபம் என்றாள். திருத்த வாய் திறந்தேன். அதற்குள் அவள் எனக்கு வேறொரு சீட்டு கொடுத்துவிட்டாள். திருத்தினால் சீட்டு திரும்பப் போய்விடுமோ என்று ஒரு கணம் நினைத்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு திருத்தினேன். அவள் புரியாமல் தலையசைத்தாள்.

காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. பிறப்புச் சான்று மட்டும் பழைய தேதியில் இருப்பதாகவும், காரைக்காலிலிருந்து புதிதாக ஒன்று வாங்கி வர வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் பிறந்த தேதி இதற்கிடையில் மாறியிருக்க வழியில்லை என்று சொல்லவில்லை. சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து கோட்டுச்சேரியில் இருக்கும் தம்பி சேகருக்குப் போன் செய்தேன். “போட்டுங்க கெளம்பிப் போயிடுச்சுக்கா. நான் விடிஞ்சதும் நேராப் போயிப் பாத்துட்டு உனக்குச் சேதி போடுறேன்” என்றான்.

அதை வைத்த கையோடு மலரே கூப்பிட்டாள். குரலில் முன்பு கேட்ட நடுக்கம் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“பிடுங்கின பொறவு ஒரு தடவ கேட்டுச்சுடி.”

“என்ன கேட்டுச்சு?”

“ரெண்டு தட்டு. போட்டுங்க போனப்பறம். சார்ஜர் கீழ கெடக்கு, என் கண்ணு முன்னாடி கெடக்கு. அப்ப கேட்டுச்சு.”

“பெட்டி என்ன போட்டுச்சு?”

“பெட்டிய யாரு பாத்தா? நான் கேட்டுக்கிட்டிருந்தேன்.”

பக்கத்து வீட்டுச் சார்ஜராக இருக்கலாம். தெருவில் யாரோ மிக்சியைப் போட்டிருக்கலாம். நாள் முழுக்க அந்த ஒலியையே கேட்ட காது, இல்லாத இடத்திலும் அதைக் கேட்டிருக்கலாம். இவை எல்லாமே அவளுக்கும் தெரியும். அவராகவும் இருக்கலாம். அதுவும் தெரியும்.

“போட்டுங்களத் திருப்பக் கூப்பிட்டியா?”

“எட்டல. தெக்க ரொம்ப தூரம் போயிட்டாங்க. முருகன் மட்டும் அவன் போட்ட எடுத்துக்கிட்டு கெழக்கால போயிருக்கான். அண்ணி சொன்னா போறேன்னு போயிட்டான், பாவம். ஒத்தைப் போட்டு. அவரா இருக்குமாடி வசந்தி?”

“தெரியல மலரு.”

“இத சொல்லவாடி பிரான்சுக்குப் போயிப் படிச்ச?” என்று சொல்லிச் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் சிரிக்கவில்லை.

“சரி, கேட்டுக்க. தெருவுல ஒருத்தரும் சார்ஜர் சொருவக் கூடாதுன்னு சொல்லிட்டேன். டிவி, மிக்சி ஒண்ணும் கெடயாது. எல்லா வீட்டுலயும் பிடுங்கிட்டாங்க. என் போன்லயும் கொஞ்சந்தான் இருக்கு. ஆஃப்னு வந்தா பதறாத. நான் சொருவ மாட்டேன். அவரு வர்ற வரைக்கும் சொருவ மாட்டேன்.”

இனியா பள்ளியிலிருந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். மலரை அவளுக்குப் போன ஆகஸ்டிலிருந்து தெரியும். கேட்டுவிட்டு, பதற்றத்துடன், பிரெஞ்சிலேயே கேட்டாள்: அவசர எண்ணுக்குச் சொன்னார்களா, ஹெலிகாப்டர் எப்போது வருகிறது? சொல்லியாகிவிட்டது, ஹெலிகாப்டர் பற்றித் தெரியவில்லை என்று தமிழில் சொன்னேன். கப்பல்களைக் காட்டும் வரைபடம் ஒன்றை அவள் தன் கைப்பேசியில் திறந்தாள். காரைக்காலுக்கு நேரே கடலில் பச்சை, சிவப்பு அம்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. சரக்குக் கப்பல்கள், எண்ணெய்க் கப்பல்கள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“மலர் ஆன்ட்டியோட போட் இதுல இல்லையே” என்றாள், இந்த முறை தமிழில்.

“அந்தப் படகெல்லாம் இதில் வராதும்மா.”

“அப்ப எதுல வரும்?”

அவள் வெகுநேரம் அந்த வரைபடத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் மூடி வைத்த தோசையை அப்போது ஒரு கையால் பிய்த்துத் தின்றாள். நாளைக்கும் சுட்டுத் தா என்று கேட்கவில்லை. அப்படி நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கணவர் வேலை முடிந்து வந்து, “நீ சரியாத்தானே சொன்னே?” என்று ஆறுதலாகக் கேட்டார். ஆமாம், சார்ஜர் விஷயத்தில் நான் சொன்னது சரி. அந்தச் சரியை நம்பி ஊரின் படகுகள் எல்லாம் தெற்கே போயிருக்கின்றன. அதை நம்பாமல் ஒற்றைப் படகு கிழக்கே போயிருக்கிறது. இரண்டில் எது என்று பெட்டிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் இருவரில் எனக்காவது தெரியாது என்று சொல்லத் தெரிகிறது. அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

படுக்கப்போகும் முன் வீட்டில் சொருகியிருந்த சார்ஜர்களைப் பிடுங்கி வைத்தேன். இங்கே அதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

6

2025 ஜனவரி 22, புதன்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். ஊரில் பத்தேகால். கைப்பேசித் திரையில் சேகரின் செய்தி வந்திருப்பதாகக் காட்டியது. அதைத் திறக்கவில்லை. காபிக்குத் தண்ணீர் வைக்கும் முன் முதல் வேலையாக மலரின் எண்ணுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் தமிழில் சொன்னது, பிறகு ஆங்கிலத்தில் சொன்னது. இரண்டையும் முழுவதும் கேட்டேன். அப்படியானால் மலர் இன்னும் சார்ஜரைச் சொருகவில்லை. மறுபடியும் அடித்தேன்.